ஓஷன் குரோவ் ஆடிட்டோரியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சிக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர்கள் அனேகமாக ஆஸ்பரி பார்க்கோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு சின்ன ஏரியைத் தாண்டினால் ஓஷன் குரோவ். ஜான் வெஸ்லி வழிவந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களான மெதடிஸ்ட்டுகள் கட்டிய ஊர் அது. நடுவில் மரத்தால் ஆன பிரமாண்டமான ஆராதனை மண்டபம் ஒன்று நிற்கிறது, கிரேட் ஆடிட்டோரியம் என்று பெயர். போய்ப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊர் சரியாக எங்கே இருக்கிறது?

நியூ ஜெர்சி மாநிலத்தின் மான்மத் கவுண்டியில், அட்லாண்டிக் கடலோரமாக. வடக்கே வெஸ்லி ஏரி, தெற்கே ஃபிளெட்சர் ஏரி, கிழக்கே கடல். இரண்டு ஏரிகளுக்கும் ஆரம்பகால மெதடிஸ்ட் தலைவர்களின் பெயர்தான்: ஜான் வெஸ்லி, ஜான் ஃபிளெட்சர். நிர்வாகத்தில் நெப்டியூன் டவுன்ஷிப்பின் ஒரு பகுதி. ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம்.

மெதடிஸ்ட்டுகள் ஏன் கடற்கரையில் வந்து ஊர் போட்டார்கள்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க 'கேம்ப் மீட்டிங்' என்ற வழக்கம் இருந்தது. காட்டிலோ திறந்த வெளியிலோ கூடாரம் அடித்து, குடும்பம் குடும்பமாக வந்து தங்கி, நாள்கணக்கில் ஜெபமும் பிரசங்கமும் பாட்டுமாக இருப்பார்கள். 1801-இல் கென்டக்கியில் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் நடந்த பெரும் கூட்டம் இந்த வழக்கத்தை நாடெங்கும் பரப்பியது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த வேகம் தணிந்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 'பரிசுத்த வாழ்வு' என்பதை மறுபடியும் வலியுறுத்த விரும்பிய மெதடிஸ்ட் போதகர்கள் 1867-இல் இதே நியூ ஜெர்சியில் வைன்லண்ட் என்ற ஊரில் ஒரு பெரிய கேம்ப் மீட்டிங்கைக் கூட்டினார்கள். அது நன்றாக நடக்கவே, நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

வில்லியம் ஆஸ்பர்ன் என்ற போதகர் கடற்கரையோரமாக இடம் தேடி அலைந்து இதைத் தேர்ந்தெடுத்தார். மேடான மணல், அடர்ந்த மரங்கள், கொசுத் தொல்லை கிடையாது. ஆமாம், கொசு இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, கூடாரத்தில் படுத்துத் தூங்க வேண்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். 1869 ஜூலை 31 இரவு, சுமார் இருபது பேர் ஒரு கூடாரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். ஊரின் தொடக்கம் அதுதான். அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் 'ஓஷன் குரோவ் கேம்ப் மீட்டிங் அசோசியேஷன்' என்ற அமைப்புக்கு அங்கீகாரம் கொடுத்தது. அதன் முதல் தலைவர் எல்வுட் ஸ்டோக்ஸ் என்ற போதகர். 1897-இல் இறக்கும் வரை அவர்தான் தலைவர், ஆடிட்டோரியம் எழும்பியதும் அவர் காலத்தில்தான்.

குடிதண்ணீருக்காக 1870-இல் இறக்கிய முதல் கிணற்றுக்கு பெயெர்செபா என்று பெயர் வைத்தார்கள், ஆபிரகாம் தோண்டிய கிணற்றின் நினைவாக. ஆடிட்டோரியத்துக்கு முன்னாலுள்ள பூங்காவில் ஒரு சின்ன மண்டபத்தின் கீழ் அது இன்னும் இருக்கிறது. எல்லாரும் கடற்கரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று பாருங்கள்.

இது சர்ச்சா, அரங்கமா?

வழக்கமான சபை ஆலயம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்க ஆராதனையும் நடக்கிற இடமாக இதைக் கட்டவில்லை. கோடைகாலக் கூட்டங்களுக்காகக் கட்டியது. குளிர்காலத்துக்கான சூடேற்றும் வசதியே இல்லை, அந்த மாதங்களில் மூடிக் கிடக்கும். கோடையில் ஞாயிறு ஆராதனை, கேம்ப் மீட்டிங் வாரம், பாடகர் குழுக்களின் விழா, இசைக் கச்சேரிகள் என்று நிரம்பிவிடும். நம் ஊர் ஆட்களுக்குச் சொல்வதானால், கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் ஆண்டுதோறும் ஓலைப்பந்தல் போட்டு நடத்துகிற மாராமண் கன்வென்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பந்தலை யாரோ இரும்பிலும் மரத்திலும் நிரந்தரமாகக் கட்டி வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் இது. மாராமண் கூட்டம் தொடங்கியது 1895-இல், இந்த ஆடிட்டோரியம் திறந்ததற்கு அடுத்த ஆண்டு.

இந்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கட்டடத்தில் உள்ள மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பது என் எண்ணம். கோபுரம் எங்கே, வண்ணக் கண்ணாடி எங்கே, பீடம் எங்கே என்று தேடிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் ஏமாந்து வருகிறார்கள். கூடாரம் எங்கே என்று தேடினால் எல்லாம் கண்ணில் படும்.

92 நாளில் கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1894-இல். அதே இடத்தில் முதலில் திறந்தவெளி மேடையும் பந்தலும் இருந்தன. கூட்டம் பெருகப் பெருக அதைவிடப் பெரிய கட்டடங்கள் வந்தன. 1890-களில் அதுவும் போதவில்லை. ஃபிரெட் கேம்ப் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுக்க, அந்த ஆண்டுக் கோடைக்குள் முடித்தாக வேண்டும் என்று வேலையை ஆரம்பித்தார்கள். நீளம் 225 அடி, அகலம் 161 அடி. செலவு சுமார் 70,000 டாலர், பெரும்பகுதி விசுவாசிகள் கொடுத்த காணிக்கை.

அவ்வளவு வேகமாக எப்படி முடிந்தது? அந்தக் காலத்தில் ரயில் நிலையங்களுக்கும் பாலங்களுக்கும் பயன்படுத்திய உத்தி. கல் அஸ்திவாரத்தின் மேல் பாலம் மாதிரி இரும்புச் சட்டங்களை வளைத்து நிறுத்தி, 161 அடி அகலத்தையும் நடுவில் முட்டுக்கொடுக்காமல் ஒரே தாண்டலில் கடந்துவிட்டார்கள். அதன் மேல் முழுக்க மரம். இரும்புச் சட்டம் எழும்பிவிட்டால் மீதி தச்சு வேலைதானே, எத்தனை தச்சர்கள் கிடைக்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் முடியும்.

பக்கவாட்டுச் சுவர்களைச் சுவர் என்றே சொல்லக்கூடாது. வரிசையாகக் கதவுகள், களஞ்சியக் கதவு மாதிரி தள்ளித் திறக்கிற பெரிய கதவுகள். ஆராதனை நேரத்தில் எல்லாவற்றையும் திறந்து விடுவார்கள். கடற்காற்று ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். பாட்டுப் புத்தகத்தின் தாள் படபடக்கும். பிரசங்கத்துக்கு நடுவே கடற்பறவை கத்துவது கேட்கும். ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் மண்டபத்துக்கு மின்விசிறி கூட இல்லாத காலத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு என்ன இருக்க முடியும்?

எத்தனை பேர் உட்காரலாம்?

ஆரம்பத்தில் பத்தாயிரம் பேர் வரை கொள்ளும் என்றார்கள். இன்றைய இருக்கைக் கணக்கு ஆறாயிரத்துக்குச் சற்று மேல். கீழ்த்தளம் மேடையை நோக்கிச் சரிவாக இறங்கும், சுற்றிலும் மாடம்.

மைக் இல்லாமல் பின்வரிசைக்கு எப்படிக் கேட்டது?

மேலே பாருங்கள். கூரையின் உட்பக்கம் பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்த மாதிரி வளைந்திருக்கும். குறுகலான பலகைகளை ஒன்றோடொன்று கவ்வும்படி பொருத்திய மரக் கூரை. கீழேயும் மரம், பக்கத்திலும் மரம். கல் கட்டடத்தில் குரல் மோதி எதிரொலித்துக் குழம்பும், இங்கே அப்படி இல்லை. மேடையில் நின்று தெளிவாகப் பேசுகிற ஒருவரின் குரல், கூட்டம் அமைதியாக இருந்தால், மாடத்தின் கடைசிப் பலகை வரைக்கும் போகும். மெதடிஸ்ட்டுகளுக்குப் பிரசங்கமும் பாட்டும்தான் உயிர். எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்திருப்பார்கள், குரல் கேட்பதை மட்டும் விட்டிருக்க மாட்டார்கள்.

உள்ளே எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

மேடைக்கு இரண்டு பக்கமும் மின்விளக்கில் எழுதிய இரண்டு வாசகங்கள். ஒருபுறம் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்', பைபிளில் வரும் பிரதான ஆசாரியர் ஆரோனின் தலைப்பாகையில் பொன்தகட்டில் வெட்டியிருந்த வார்த்தை. மறுபுறம் 'பரிசுத்தராயிருங்கள்', பேதுரு எழுதிய முதலாம் நிருபத்திலிருந்து. 1867-இல் வைன்லண்டில் கூடியவர்கள் எதற்காகக் கூடினார்களோ, அதுவே இங்கே விளக்காக எரிகிறது. அப்புறம் விளக்குகளாலேயே செய்த அமெரிக்கக் கொடி ஒன்று, பறப்பது போல ஒளிரும். ஆராதனை மண்டபத்தில் தேசியக் கொடியா என்று நம்மில் பலருக்கு உறுத்தும், எனக்கும் அது கொஞ்சம் ஒட்டாமல்தான் தெரிகிறது. வெளியே முகப்பில் வெள்ளைச் சிலுவை. இரவில் கடலில் போகிற படகுகளுக்கு அது தெரியும்.

ஆர்கன் அவ்வளவு விசேஷமா?

ரொம்ப. குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்க வைக்கிற பெரிய இசைக்கருவி இது. 1908-இல் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் அமைத்தது. அவர் இங்கிலாந்தில் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளர். வாசிக்கும் கட்டைக்கும் குழாய்க்கும் நடுவே மின்சாரத்தைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் வாசிப்பவர் ஓரிடத்திலும் குழாய்கள் தூரத்திலும் இருந்தாலும் வாசிக்க முடிகிறது. இவ்வளவு பெரிய மண்டபத்தை நிரப்ப வேண்டுமே என்று, சாதாரண ஆலயங்களில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகக் காற்றழுத்தத்தில் ஒலிக்கிற குழாய்களை வைத்தார். பிற்காலத்தில் ஊமைப்படங்களுக்குப் பின்னணி வாசித்த தியேட்டர் ஆர்கனுக்கு முன்னோடி இவர் கைவேலைதான். 1910-இல் இவருடைய தொழிலை வர்லிட்சர் கம்பெனி வாங்கிக்கொண்டது. இவர் 1914-இல் இறந்துபோனார்.

இந்த ஆர்கனில் பிறகு பலமுறை குழாய்கள் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். இன்றைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். மிகக் கீழ்ச் சுருதி ஒலிக்கும்போது அது காதுக்கு வருவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பலகையில் வந்துவிடும். மரக் கட்டடம் என்பதால் தரை, இருக்கை, கைப்பிடி எல்லாம் சேர்ந்து அதிரும். ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும், பதிவில் இது வராது.

சுற்றிலும் இருக்கும் கூடாரங்களில் நிஜமாகவே ஆள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். ஆடிட்டோரியத்தைச் சுற்றி 114 கூடாரங்கள். மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. முன்பக்கம் துணிக் கூடாரமும் திண்ணையும், பின்பக்கம் சின்ன மர அறை, அதில் சமையலறையும் குளியலறையும். கோடை முடிந்ததும் துணி, சாமான் எல்லாவற்றையும் அந்த மர அறைக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டுப் போவார்கள். அடுத்தடுத்த கூடாரங்களுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கத்தான் இடம். பக்கத்துக் கூடாரத்தில் காப்பி போட்டால் இங்கே மணக்கும், ஆர்கன் பயிற்சி வாசித்தால் எல்லாருக்கும் கேட்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்கள் வருகின்றன, புதிதாகக் கேட்பவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஆடிட்டோரியத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இந்தக் கூடாரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு உள்ளே போங்கள் என்பேன். கட்டடம் எதிலிருந்து வளர்ந்தது என்பது அப்போது யாரும் சொல்லாமலே விளங்கும்.

வீடுகள் ஏன் கடலைப் பார்த்து விரிந்த மாதிரி நிற்கின்றன?

கவனித்தீர்களா? கடலுக்குப் பக்கத்திலுள்ள தெருக்களில், கடலை நெருங்க நெருங்க வீடுகள் ஒன்றைவிட ஒன்று பின்னால் தள்ளி நிற்கும். பின்னால் இருக்கிற வீட்டுக்கும் காற்று வர வேண்டும், திண்ணையிலிருந்து கடல் தெரிய வேண்டும் என்று ஊரை அமைக்கும்போதே திட்டமிட்டுச் செய்தது. முன்வீட்டுக்காரன் பின்வீட்டுக்காரனின் காற்றை மறைக்கக்கூடாது என்பதை மனை அளக்கும்போதே எழுதி வைத்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த மாதிரி விஷயங்களாலும் விக்டோரியா காலத்து மரவீடுகள் இவ்வளவு ஒரே இடத்தில் மிஞ்சியிருப்பதாலும் 1976-இல் ஊர் முழுவதும் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் இருந்ததாமே?

இருந்தது. ஓய்வுநாள் ஆசரிப்பு. சனி நள்ளிரவில் ஊர் வாசல்களைச் சங்கிலி போட்டு அடைத்துவிடுவார்கள். ஞாயிறு முழுவதும் தெருவில் ஒரு வண்டி ஓடாது, ஓடாமல் நிற்கவும் கூடாது. சனிக்கிழமையே எல்லாரும் காரை எடுத்துப் போய் ஏரிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். கடலில் குளிக்கவும் தடை.

இதைச் செய்ய அவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றால், மாநிலம் அசோசியேஷனுக்கே விதி போடவும், காவல்துறை வைக்கவும், வழக்கு விசாரிக்கவும் உரிமை கொடுத்திருந்தது. ஒரு மத அமைப்பு, அதுவே நகராட்சி. நூறு ஆண்டுக்கு மேல் இப்படி நடந்தது. ஓஷன் குரோவ் நீதிமன்றம் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகத் தண்டித்த ஒருவர், இந்த நீதிமன்றத்துக்கு என்னைத் தண்டிக்க உரிமையே இல்லை என்று வழக்குப் போட, அது மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு அதிகாரத்தை ஒரு மத அமைப்பின் கையில் கொடுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1979-இல் தீர்ப்பு வந்தது. சங்கிலி போனது. காவலும் நிர்வாகமும் நெப்டியூன் டவுன்ஷிப் கைக்குப் போயின.

தீர்ப்பு சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சபை சபையாக இருக்க வேண்டும், போலீஸ் வேலை அதற்கு எதற்கு? ஆனால் வாரத்தில் ஒரு நாள் குழந்தைகள் நடுத்தெருவில் பயமில்லாமல் விளையாடிய ஊர் என்று நினைக்கும்போது, போனது நல்ல விஷயம்தான் என்று முழுமனதோடு சொல்லவும் வாய் வரவில்லை. பெரியவர்கள் தாங்களாகவே சேர்ந்து அப்படி ஒரு நாளை வைத்துக்கொண்டிருக்கலாம்.

கடற்கரையை மட்டும் கோடை ஞாயிறு காலைகளில் மூடுகிற வழக்கம் அப்புறமும் தொடர்ந்தது. மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2023-இல் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டது, 2024 கோடையில் திறந்தார்கள். மது விற்பனை மட்டும் இன்றும் கிடையாது.

நிலம் இன்னும் அசோசியேஷனுடையதா?

ஆமாம். வீடு உங்களுடையது, மண் அவர்களுடையது. 99 ஆண்டுக் குத்தகை, புதுப்பித்துக்கொள்ளலாம். மெதடிஸ்ட்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இன்று ஊரில் எல்லா வகை மக்களும் இருக்கிறார்கள்.

இதிலிருந்து உரசல்களும் வந்திருக்கின்றன. 2007-இல் கடலோரத் திறந்த மண்டபத்தில் தங்கள் சிவில் இணைப்பு (திருமணத்துக்கு ஈடான சட்டப்பூர்வ இணைவு) விழாவை நடத்தக் கேட்ட ஒரு பெண் ஜோடிக்கு அசோசியேஷன் இடம் தர மறுத்தது. பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2012-இல் முடிவு வந்தது. ஊருக்குள் அந்தக் காயம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆடிட்டோரியத்தின் அழகைப் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் விடுவது நேர்மையில்லை.

யாரெல்லாம் அந்த மேடையில் நின்றிருக்கிறார்கள்?

பட்டியல் நீளம். 1899-இல் ஜனாதிபதி மெக்கின்லி ஊருக்கு வந்தார். 1905 ஜூலையில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தேசியக் கல்விச் சங்கத்தின் ஆசிரியர்கள் முன்னால் ஆடிட்டோரியத்தில் பேசினார். 1918-இல் இத்தாலியப் பாடகர் கரூசோ பாடினார்.

எனக்கு இவர்களைவிட முக்கியமாகத் தோன்றுபவர் அமாண்டா ஸ்மித். அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண், துணி வெளுத்துப் பிழைத்தவர். குருப்பட்டம் இல்லாமலே கேம்ப் மீட்டிங்குகளில் சாட்சி சொல்லவும் பாடவும் ஆரம்பித்து, பெரும் கூட்டங்களைக் கட்டிப்போட்டார். இந்த ஆடிட்டோரியம் கட்டுவதற்கு முன்னாலேயே ஓஷன் குரோவ் கூட்டங்களில் அவர் குரல் ஒலித்திருக்கிறது. 1879 வாக்கில் இந்தியாவுக்கு வந்து ஊழியம் செய்தார்.

அப்படியானால் இந்தியாவோடு தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. கேம்ப் மீட்டிங் பிரசங்கியான வில்லியம் டெய்லர் 1870-இல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாய், கல்கத்தா, மதராஸ் என்று நகரம் நகரமாகக் கூட்டம் போட்டுச் சபைகளை உருவாக்கினார். அவருக்குத் துணையாக அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஒருவர், கொசு இல்லாத இடம் தேடி ஓஷன் குரோவைக் கண்டுபிடித்த அதே வில்லியம் ஆஸ்பர்ன்.

நம் ஊர் சி.எஸ்.ஐ. சபையும் இதுவும் ஒரே மெதடிஸ்ட்டா?

வேர் ஒன்று, கிளை வேறு. நாகப்பட்டினம், மன்னார்குடி, கரூர், ராயப்பேட்டை பக்கமெல்லாம் ஊழியம் செய்தது இங்கிலாந்திலிருந்து வந்த வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன். அவர்கள் 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானபோது அதில் இணைந்துவிட்டார்கள். டெய்லர் வழியாக வந்தது அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை. அது இணையாமல் தனியாகவே இருந்து, 1981 முதல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்று இயங்குகிறது. ஓஷன் குரோவ் இந்த இரண்டாவது கிளையின் உறவு.

சாண்டி புயலில் என்ன ஆயிற்று?

2012 அக்டோபர் 29. கடலோர மரப்பலகை நடைபாதையும் கடலுக்குள் நீண்டிருந்த பாலமும் நாசமாயின. ஆடிட்டோரியக் கூரையின் ஒரு பகுதியைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. சட்டம் அசையவில்லை. நடைபாதை தனியார் அமைப்புக்குச் சொந்தம் என்பதால் மத்திய அரசு முதலில் நிவாரணம் தர மறுத்தது, மேல்முறையீடு செய்து வாங்க வேண்டியிருந்தது. நன்கொடை ஊர் ஊராக வந்தது. கடற்பாலம் 2023-இல் மறுபடி திறந்தது, இம்முறை சிலுவை வடிவத்தில். அந்த வடிவத்துக்கும் ஊருக்குள் எதிர்ப்பு இருந்தது.

போய்ப் பார்க்க என்ன வழி?

நியூ ஜெர்சி டிரான்சிட் ரயிலில் ஆஸ்பரி பார்க் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். காரில் போனால் கோடை வாரக் கடைசியில் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு, காலையிலேயே போய்விடுங்கள். கட்டடத்தின் உட்புறம் கோடையில்தான் சரியாகப் பார்க்க முடியும். ஞாயிறு ஆராதனைக்கு யாரும் வரலாம், எந்தச் சபை என்று கேட்க மாட்டார்கள். கோடையில் இலவச ஆர்கன் கச்சேரிகள் நடக்கும், நாளும் நேரமும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். கூடாரங்களுக்கு நடுவே நடக்கும்போது திண்ணையில் இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சுக் கொடுப்பார்கள். ஆனால் அது அவர்கள் குடியிருக்கிற வீடு, கேட்காமல் உள்ளே எட்டிப் பார்க்கவோ படம் எடுக்கவோ வேண்டாம். மாடத்துக்குப் போக அனுமதித்தால் மேலே ஏறி, மேடைக்கு நேர் எதிரே உட்காருங்கள், கூரையின் வளைவு முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான்.